பெருஞ்சாலையை விட்டு விலகி

சென்ற திங்களில் இப்பகுதியில் சக்கரக் குழாய் ஒட்டும் முறையைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த உரிகம் பகுதி அம்மையார் ஒருவர் நம் சங்க அலுவலகத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தனுப்பினார். குழாயைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. கடிதத்தின் சாரம் இது:

"என் கணவர் விடியுமுன் பெங்களூர் வண்டிக்குப் போனால் இரவுதான் திரும்புகிறார். மகனுக்கு வயது 16. மிச்சம் பிடித்த பணத்தில் அவனுக்குக் கியர் வைத்த சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். அவன் தோழர்களோடு தேசிய நெடுஞ்சாலைக்குப் போய் ஓட்டுகிறான். அங்கே சாலை வழவழப்பாக இருக்கிறதாம். சென்ற ஆவணியில் ஒரு தோழனை லாரியின் பக்கவாட்டுப் பலகை இடித்துக் கை முறிந்தது. பொங்கலுக்குத் திருப்பத்தூர்ப் பாட்டி வீட்டுக்குச் சைக்கிளிலேயே போவேன் என்கிறான். கூடாது என்றால் சொல்லாமல் போய்விடுவான். அவன் தகப்பனாரும் அந்த வயதில் அப்படித்தான். லாரி இல்லாத வழி ஏதும் உண்டா? இருந்தால் எழுதுங்கள். இல்லை என்றால் அதையாவது அவனுக்குச் சொல்லுங்கள்; நீங்கள் சொன்னால் கேட்பான்."

இக்கடிதத்துக்கு நான் முதலில் எழுதிய பதிலை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. "நெடுந்தூரப் பயணம் சிறுவர்க்கு ஏற்றதன்று; புகைவண்டியில் அனுப்புக" என்று இரண்டே வரி எழுதி உறையில் இட்டு ஒட்டியும் விட்டேன். இரயில்வே எழுத்தன் அல்லவா, எதற்கும் இரயிலைக் காட்டுவதுதான் என் வழக்கம். அன்றிரவு படுக்கும்போதுதான் நான்காண்டுகளுக்கு முன் நானே முளபாகல் பக்கத்து நெடுஞ்சாலையில் சைக்கிளோடு சரளை மேட்டில் விழுந்தது நினைவுக்கு வந்தது. என்னை யாரும் இடிக்கவில்லை. நீண்ட சரக்கு வண்டி ஒன்று முழங்கை தூரத்தில் கடந்தது. அதன் காற்று முதலில் என்னை வெளியே தள்ளியது. வண்டியின் வால் கடந்ததும் உள்ளே இழுத்தது. தார் விளிம்புக்கும் மண்ணுக்கும் இடையே ஒரு சாண் பள்ளம் இருந்தது. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது. முப்பது வயது கடந்த எனக்கே அக்கதி எனில், சொல்லாமல் போகும் பிள்ளைக்கு என்ன ஆகும்? எழுந்து உறையைக் கிழித்துப் போட்டேன்.

அம்மையாரின் அச்சம் வீண் அச்சம் அன்று. நடுவண் அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகக் கணக்குப்படி 2022-இல் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் 61,038 பேர் தேசிய நெடுஞ்சாலைகளிலும் விரைவுச் சாலைகளிலும் இறந்தவர்கள். நாட்டின் சாலை நீளம் முழுவதிலும் தேசிய நெடுஞ்சாலை நூற்றுக்கு இரண்டு பங்கு அளவே. சாவிலோ நூற்றுக்கு முப்பத்தாறு. வழவழப்பான தார் விரைவுக்காகப் போடப்பட்டது. அதே வழவழப்பு லாரிக்காரருக்கும் பிடிக்கும் என்பதைப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதில்லை. பெங்களூரு–சென்னை விரைவுச் சாலையின் கருநாடகப் பகுதி 2024 டிசம்பரில் திறக்கப்பட்டு, நமக்கு வடக்கே பேத்தமங்கலத்துப் பக்கமாகச் செல்கிறது. அது மிதிவண்டிக்கு உரிய சாலையே அன்று. அதில் ஏறிப் பார்க்கலாம் என்ற எண்ணம் எந்தப் பிள்ளைக்கும் வேண்டாம்.

அங்ஙனமாயின் வேறு சாலை எங்கே? இக்கேள்வி நம் தந்தையர் காலத்தில் எழுந்திருந்தால் விடை கடினம். அன்று சிற்றூர்ப் பாதைகள் மாட்டுவண்டித் தடங்களாகவும் மழைக்குச் சேறாகவும் இருந்தன. இன்று அப்படியன்று. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-இல் தொடங்கிய பிரதம மந்திரி கிராமச் சாலைத் திட்டத்தால் எண்ணற்ற சிற்றூர்களுக்குத் தார்ச்சாலை கிடைத்தது. இச்சாலைகள் பெரும்பாலும் மூன்றே முக்கால் மீட்டர் அகலமே உடையவை. ஒரு லாரி வந்தால் எதிரே மற்றொன்று வர இயலாது. ஆகவே நெடுந்தூர லாரிகள் இவற்றை நாடுவதில்லை. ஓட்டை ஒடிசல் சாலைகள் என்று நாம் குறை கூறும் அந்தக் குறுகலே நமக்கு அரண் ஆகிறது.

இச்சாலைகளை அடையாளங் காண ஒரு வழி உண்டு. சாலையோரத்துக் கிலோமீட்டர்க் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் தலை எனில் தேசிய நெடுஞ்சாலை. பச்சைத் தலை எனில் மாநில நெடுஞ்சாலை. காவி கலந்த செம்மஞ்சள் தலை எனில் கிராமச் சாலை. "மஞ்சளைக் கண்டால் கட, பச்சையைக் கண்டால் பார்த்து நட, செம்மஞ்சளைக் கண்டால் திரும்பு" என்று பின்னால் அப்பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். எதுகை மோனை சரியில்லை என்று அவன் சிரித்தான். ஆயினும் மறக்கவில்லை.

நிற்க. சிறு சாலைகள் உண்டு என்று அறிவது வேறு. அவற்றைக் கோத்து ஒரு வழியாக்குவது வேறு. கைப்பேசியில் உள்ள வரைபடத்தைக் கேட்டால் அது விரைவில் சேரும் வழியையே காட்டும். கூகுள் நிறுவனம் நம் நாட்டில் 2017 டிசம்பரில் இருசக்கர வண்டி வழி என ஒன்றைச் சேர்த்தது உண்மையே. ஆனால் அது மோட்டார் வண்டிக்காரருக்கானது. அவர்களுக்கு நெடுஞ்சாலை இடைஞ்சல் அன்று. ஆகையால் நான் இரண்டு வரைபடங்களை வைத்துக்கொண்டேன். ஒன்று, இந்திய நில அளவைத் துறையின் தாள். ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு அளவுடைய அத்தாளில் இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் ஆகும். பழைய எண்முறையில் தங்கவயல் 57 எல் என்ற தொகுப்பில் வரும். 20 மீட்டருக்கு ஒன்றாக உயரக் கோடுகள் வரைந்திருப்பார்கள். கோடுகள் நெருங்கினால் மேடு, விலகினால் சமவெளி. மற்றொன்று, ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுமக்கள் வரைபடம். 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய இதில் யார் வேண்டுமானாலும் தம் ஊர்ப் பாதையைச் சேர்க்கலாம். முன்னது பழையது, ஆனால் மேடு பள்ளம் பொய்க்காது. பின்னது புதியது, ஆனால் சேர்த்தவரின் கைத்திறனைப் பொறுத்தது. இரண்டிலும் உள்ள சாலையை மட்டும் நம்பினேன். ஒன்றில் மட்டும் உள்ளதை நேரில் பார்க்கக் குறித்துக்கொண்டேன்.

இவற்றைத் திண்ணையில் விரித்து வைத்திருந்தபோது என் தந்தையார் வந்து நின்றார். சுரங்கத்தில் இருபத்தெட்டு ஆண்டு உழைத்து, 2001 பிப்ரவரியில் சுரங்கங்கள் மூடப்பட்டபோது வீட்டுக்கு வந்தவர். அன்று நான் சிறுவன். வேலை முடிந்த சங்கு ஒலித்ததும் தெருவை நிறைத்துக்கொண்டு வரும் சைக்கிள் கூட்டத்தைக் கண்ட கடைசித் தலைமுறை நாங்கள்தாம். அவர் தாளைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இவ்வளவு எதற்குத் தம்பி? உன் பாட்டனார் திருப்பத்தூருக்குச் சைக்கிளில் போவார். இரயில் சத்தம் காதில் விழுகிற தூரத்தை விட்டு விலகாதே என்பார்" என்றார்.

நாள்தோறும் இரயிலோடு இருக்கும் எனக்கு இது தோன்றவில்லையே என்று நாணினேன். 1864-இல் ஜோலார்ப்பேட்டையிலிருந்து பெங்களூர்த் தண்டுக்கு இருப்புப் பாதை போட்டவர்கள் பீடபூமியின் மேல் ஏறுவதற்கு மிக இலேசான சரிவைத் தேடித் தேடி எடுத்திருக்கிறார்கள். நீராவி எஞ்சினால் செங்குத்தாக ஏற முடியாதன்றோ. மிதிப்பவன் கால்களும் அத்தகையனவே. நிலையப் பெயர்ப் பலகையின் அடியில் கடல் மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர் என்று எழுதியிருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. பங்காருப்பேட்டைக்கும் ஜோலார்ப்பேட்டைக்கும் இடையே சுமார் 75 கிலோமீட்டரில் ஏறக்குறைய 400 மீட்டர் இறக்கம். போகும்போது இறங்குமுகம், வரும்போதுதான் வியர்வை. காமசமுத்திரம், பிசாநத்தம், குடுப்பள்ளி, குப்பம், மல்லானூர், பச்சூர் என்று நிலையங்கள் வரிசையாக உள்ளன. ஒவ்வொரு நிலையத்துக்கும் பக்கத்து ஊர்களிலிருந்து மக்கள் வந்து சேர ஒரு சிறு சாலை இருந்தே தீரும். ஆகவே நிலையங்களை மணிகளாகவும் சிற்றூர்ச் சாலைகளை நூலாகவும் கொண்டு கோத்தேன். ஆண்டர்சன்பேட்டையைக் கடந்து தெற்கே காமசமுத்திரம். அங்கிருந்து ஆந்திர எல்லைக்குள் குப்பம். பிறகு தமிழ்நாட்டு எல்லையில் நாட்டறம்பள்ளிப் பக்கம் இறங்கி, கிருஷ்ணகிரி–வேலூர் நெடுஞ்சாலையைக் குறுக்கே மட்டும் கடந்து திருப்பத்தூர். 80 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதி. நெடுஞ்சாலை வழி அளவில் குறைவாக இருப்பினும் இருக்கட்டும்.

இங்கே ஓர் அயல்நாட்டுச் செய்தியைச் சொல்ல வேண்டும். நம் ஊருக்கு அது உறவுடையது. பெல்ஜியம் நாட்டின் லிம்பர்க் மாநிலம் நிலக்கரிச் சுரங்க நாடு. அங்கிருந்த கடைசிச் சுரங்கமாகிய சோல்டர் 1992-இல் மூடப்பட்டது. நம்மைப்போலவே வேலையிழந்த ஊர்கள். அங்குச் சுரங்கப் பொறியாளராக இருந்த ஹ்யூகோ போலன் என்பார் சிற்றூர்ச் சாலைகளையும் கால்வாய்க் கரைகளையும் இணைத்து மிதிவண்டி வலை ஒன்று வகுத்தார். அது 1995-இல் நடைமுறைக்கு வந்தது. சாலைகள் சந்திக்கும் முனை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். பயணி தன் வழியை எண்களாகத் துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வார். ஒவ்வொரு முனையிலும் அடுத்த எண்ணுக்கு எந்தப் பக்கம் என்று பலகை காட்டும். வரைபடம் வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம். இம்முறை பின்னர் நெதர்லாந்து முழுவதும் பரவியது. பூமிக்கடியில் சந்துகளுக்கு எண்ணிட்டு வழி காணும் சுரங்கப் பழக்கத்தைப் பூமிக்கு மேலே கொண்டுவந்தார் என்பார்கள்.

நமக்குப் பலகை நட வழியில்லை. காகிதமோ உண்டு. குறுக்குச் சந்திகளுக்கு ஒன்று முதல் இருபத்து மூன்று வரை எண்ணிட்டு, எதிரே அடையாளமும் திரும்பும் திசையும் எழுதினேன். "7 – பால் சங்கக் கட்டடம், இடம். 8 – இரட்டைப் புளியமரம், நேர். 9 – இரயில் கேட், கடந்தவுடன் வலம்" என்பதுபோல. அதைப் பார்த்த தந்தையார், "லெவல் பிளான் மாதிரி இருக்கிறதே" என்று சொல்லி மூக்குக் கண்ணாடியை எடுத்துவரச் சொன்னார். தாளை அவர் கையிலிருந்து திரும்ப வாங்க அரைமணி ஆயிற்று.

தாளில் எழுதியது போதாது, காலால் மிதித்துப் பார்க்க வேண்டும் என்று டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் அலுவலக நண்பர் ஒருவரும் புறப்பட்டோம். அதில் கற்றவற்றைச் சொல்கிறேன்.

வழி கேட்பதில் ஒரு நுட்பம் உண்டு. "குப்பத்துக்கு எப்படிப் போவது?" என்று கேட்டால், எந்த ஊர்க்காரரும் நல்லெண்ணத்தோடு பேருந்துச் சாலைக்கே அனுப்புவார், விருந்தாளியைச் சந்து வழியே அனுப்புவது மரியாதையன்று என்பது அவர் கருத்து. இரு முறை அப்படி ஏமாந்தோம். பிறகு "காலையில் பால் வண்டி எந்த வழியாக வருகிறது?" என்று கேட்கத் தொடங்கினோம். நம் கோலார் மாவட்டம் பாலுக்குப் பேர்போனது. காலையும் மாலையும் சிற்றூர்தோறும் பால் எடுக்க வண்டி வந்தே தீர வேண்டும். ஆகையால் அது வரும் பாதை மழையிலும் மூழ்காது, பாலம் உடைந்தால் உடனே சீராகும். அதே நேரத்தில் நெடுந்தூர லாரி அதில் வராது. இந்த ஒரு கேள்வியே எங்களுக்கு இருநூறு வரைபடங்களுக்குச் சமமாயிற்று. அதைக் கன்னடத்தில் தொடங்கி, பிசாநத்தத்துப் பக்கம் தெலுங்குக்கு மாறி, பச்சூர்ப் பக்கம் தமிழில் முடித்தோம். ஒரு பகலில் மூன்று மாநிலம், மூன்று மொழி. தங்கவயல் பிள்ளைகளுக்கு இம்மூன்றும் தெருவிலேயே கிடைத்த சொத்து. மற்ற ஊர்ச் சைக்கிள்காரருக்கு இக்கொடுப்பினை இல்லை.

பிசாநத்தத்துப் பக்கத்திலும் நம்முடையதுபோன்ற தங்கச் சுரங்கம் இருந்து மூடப்பட்டது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அப்பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒரு முதியவர் நாங்கள் தங்கவயல் என்றதும் காசு வாங்க மறுத்துவிட்டார்.

இனி இடர்களைச் சொல்லாமல் விடுவது குற்றமாகும். லாரி இல்லை என்பதால் அச்சமே இல்லை என்று பொருளன்று. காமசமுத்திரம் காட்டுப் பகுதிக்கும் குப்பத்துக் காடுகளுக்கும் யானைகள் வருவது வழக்கம். 1990-இல் அமைந்த கௌண்டின்ய வனவிலங்குச் சரணாலயமும் அப்பால் அண்மையில்தான் இருக்கிறது. கேழ்வரகும் நெல்லும் முற்றும் காலத்தில் அவை வயல்களைத் தேடி இறங்கும். இருட்டில் யானை நிற்பது தெரியாது. சைக்கிளோ ஓசையின்றி அதன் காலடிக்கே கொண்டுபோய் விட்டுவிடும். ஆகையால் நன்கு விடிந்த பிறகே தங்கவயலை விட்டுக் கிளம்புக. காட்டோரப் பாதையை முற்பகலுக்குள் கடந்துவிடுக. அந்திக்குப் பின் அப்பக்கம் அடியெடுத்து வைக்காதீர். முதல்நாள் யானை வந்ததா என்பதைப் பால் சங்கத்தில் கேட்டால் தவறாமல் சொல்வார்கள். எங்களுக்கு ஓரிடத்தில், "நேற்று மூன்று வந்தன, அந்த வழி வேண்டாம்" என்று சொல்லி வேறு பாதை காட்டினார்கள். என் தாளில் பதினொன்றாம் எண் அப்படித்தான் மாறியது.

நாய்கள் அடுத்த இடர். வேகமாக ஓட்டித் தப்ப எண்ணுவது தவறு; இறங்கிச் சைக்கிளை நடுவே வைத்துக்கொண்டு நடந்தால் நாய்க்கு ஆர்வம் போய்விடும். மூன்றாவது, தக்காளி. நகைக்க வேண்டாம். கோலார்த் தக்காளிச் சந்தை பெயர் பெற்றது. ஆனி ஆடியில் அறுவடை உச்சத்தில் இருக்கும்போது சிறு சரக்கு வண்டிகள் சந்தை நேரத்தைப் பிடிக்கச் சிற்றூர்ச் சாலைகளில் பறக்கும். அம்மாதங்களில் இவ்வழி அத்துணை அமைதியானதன்று. விழா நாள்களில் கோடிலிங்கேசுவரர் கோயிலுக்குச் செல்லும் சாலைக்கும் இதுவே பொருந்தும். அன்று அங்கே நெடுஞ்சாலையை மிஞ்சும் கூட்டம். கூட்ஸ் வண்டி வரும் நேரத்தில் இரயில் கேட்டின் கீழே சைக்கிளைச் சாய்த்துத் தள்ளிக்கொண்டு நுழைவோரைப் பற்றி நான் என்ன சொல்வேன் என்பது உங்களுக்கே தெரியும். கேட் மூடினால் இறங்கித் தண்ணீர் குடியுங்கள்.

தாள் முடிந்தது. அதை எடுத்துக்கொண்டு உரிகத்துக்குப் போனேன். அம்மையார் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பையன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். தடுக்க வந்த பெரியவர் என்று எண்ணினான்போலும். தாளை நீட்டியதும் அவன் கேட்ட முதற் கேள்வி, "ஏன் மாமா இத்தனை திருப்பம்? நேரே போனால் என்ன?" என்பது. நான் வேட்டியைச் சற்று உயர்த்தி முழங்காலைக் காட்டினேன். பிறகு அவன் நேர்வழியைப் பற்றிப் பேசவில்லை.

ஆயினும் தாயாரின் முகம் தெளியவில்லை. லாரி இல்லாத இடத்தில் ஆளும் இல்லையே, விழுந்தால் யார் பார்ப்பார் என்றார். நியாயமான கேள்வி; சிற்றூர்ச் சாலையின் குறை அதுவே. அதற்கு அப்போது அங்கேயே ஒரு வழி தோன்றியது. தாளைப் படியெடுத்து ஒன்றை அவரிடம் கொடுத்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ஏறக்குறைய எத்தனை மணிக்கு அங்கே இருப்பான் என்று, மணிக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் என மெதுவாகவே கணக்கிட்டு எழுதினேன். பையன் மூன்று எண்களுக்கு ஒரு முறை நின்று எண்ணை மட்டும் கைப்பேசியில் சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்கு மேல் ஒரு மணி கழிந்தும் எண் வராவிட்டால், கடைசியாகச் சொன்ன எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையில் தேடினால் போதும். இரயில் ஓடுவதும் இப்படித்தான்: ஒரு நிலையத்தை விட்ட வண்டி அடுத்த நிலையத்துக்கு வந்து சேரும்வரை இரு நிலையத்தாருக்கும் அதைப் பற்றிய கவலை உண்டு. அவர் அதைப் புரிந்துகொண்டார். கணவர் நாள்தோறும் போகும் வண்டி எந்த நேரத்தில் எந்த நிலையத்தில் இருக்கும் என்பதை மனத்தில் ஓட்டிக்கொண்டே சமைப்பவர் அவர்.

தனியே அனுப்புவதில்லை என்பது என் நிபந்தனை. துணைக்கு வந்தவன் யார் தெரியுமா? கை முறிந்த அதே தோழன். எலும்பு கூடி, மருத்துவர் இசைவு தந்து, அவன் பெற்றோரும் தாளைப் படித்துப் பார்த்த பிறகு. போகிக்கு முதல்நாள் காலை ஆறே முக்கால் மணிக்கு இருவரும் புறப்பட்டார்கள். மூடுபனி விலகவில்லை; ஏழரை வரை ஆண்டர்சன்பேட்டையிலேயே நிறுத்தி வைத்தேன். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், மாற்றுக் குழாய் ஒன்று, காற்றுப் பம்பு, இட்லிப் பொட்டலம், பாட்டிக்கு ஒரு சேலை.

நான் அன்று பணியில் இருந்தேன். முற்பகல் பத்துக்கு அம்மையாரிடமிருந்து செய்தி: "6 வந்தது." பதினொன்றேகாலுக்கு "9." பிறகு பன்னிரண்டாம் எண் வரவேண்டிய நேரம் கடந்தது. அரைமணி ஆயிற்று, முக்கால் மணி ஆயிற்று. நான் சீட்டுகளை இரண்டு முறை தவறாக எண்ணினேன். யானை மாற்றிய பதினொன்றாம் எண் அந்தப் பகுதியில்தான். ஒரு மணி ஆவதற்குப் பத்து நிமிடம் இருக்கையில் அம்மையாரே அழைத்தார். குரலில் கோபமும் சிரிப்பும் கலந்திருந்தன. பிள்ளைகள் பன்னிரண்டில்தான் இருந்தார்கள். அங்கே ஒரு கிணற்றில் ஊர்ப் பையன்கள் குதித்துக் கொண்டிருந்தார்களாம், இவர்களும் குதித்துவிட்டார்கள். கைப்பேசி கரையில் சட்டைக்குள் இருந்தது. என் கணக்கில் கிணற்றுக்கு நேரம் ஒதுக்கவில்லை; தவறு என்னுடையதே. இனிமேல் எழுதும் தாளில் ஒதுக்குவேன்.

மாலை நாலரைக்கு "23" வந்தது. பாட்டி பேசினார்களாம். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்புகையில் ஏற்றம் என்பதால் இரயிலில் வரச் சொல்லியிருந்தேன். அதைப் பற்றி நேயர்க்குச் சில சொற்கள். பயணச்சீட்டுக்கு உரிய இலவசச் சுமை அளவில் சைக்கிள் சேராது. தனியே சுமையாகப் பதிந்து பிரேக் வேனில் ஏற்ற வேண்டும். எல்லா நிலையத்திலும் இவ்வசதி இல்லை. மின்தொடர் வண்டிகளில் சரக்கு அறையும் இராது. ஆகையால் எந்த நிலையத்தில் ஏற்பார்கள், எந்த வண்டி இறங்கும் நிலையத்தில் போதிய நேரம் நிற்கும் என்று முதல்நாளே கேட்டறிக. கைப்பிடியைத் திருப்பிக் கட்டி, மிதிகட்டைகளைக் கழற்றி, துணியால் சுற்றி, பெயரும் சேரும் நிலையமும் தெளிவாக எழுதிய அட்டையை இரண்டு இடங்களில் கட்டுக. ஓர் அட்டை கிழியும் என்பது என் அனுபவம். நம் பிள்ளைகள் இருவரும் இவ்வளவு தொல்லை எதற்கு என்று சைக்கிள்களைப் பாட்டி வீட்டுத் திண்ணையிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வந்துவிட்டார்கள். எடுத்துவர மாசியில் மீண்டும் போக வேண்டுமாம். அம்மையார் இதைச் சொல்லும்போது, அவர்கள் வேண்டுமென்றே விட்டுவந்ததாகவே எனக்குப் பட்டது.

அடுத்து பேத்தமங்கலம் ஏரிக்கரை வழியாகப் பங்காரு திருப்பதிக்கு ஒரு வழி வகுக்க எண்ணம். அப்பக்கம் விரைவுச் சாலை குறுக்கிட்டதால் பழைய தாளில் நேராகச் செல்லும் பாதைகள் இன்று அடிப்பாலத்தைத் தேடி வளைந்து போகக்கூடும். அப்பகுதியில் நிலமோ உறவினரோ உடைய நேயர்கள், எந்தெந்த அடிப்பாலத்தில் மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதை ஓர் அஞ்சலட்டையில் எழுதிச் சங்க அலுவலகத்தில் சேர்ப்பித்தால் அடுத்த இதழுக்கு உதவும். பால் வண்டி வரும் நேரத்தையும் எழுதுங்கள்.